கபிலக் கொழுப்பும் கொழும்பு வெப்பமும்



கொழுப்பு என்றதும் முகஞ் சுளிக்கின்றோம். ஆயினும் நம் உடம்பிற் கொழுப்பு இருவகைப்படும். வெண்கொழுப்பு சேமித்து வைக்கும். கபிலக் கொழுப்போ எரிந்து சூடு தரும். அதன் கலங்களில் நிறைந்துள்ள இழைமணிகளின் இரும்பே அதற்குக் கபில நிறத்தை அளிக்கின்றது. குளிர் பட்டதும் நரம்புகள் ஏவ, உடல் நடுங்காமலே அது வெப்பத்தைப் பிறப்பிக்கும்.

பச்சிளங் குழந்தைகளுக்கே உரியதென நெடுங்காலம் எண்ணப்பட்ட இக்கொழுப்பு, வளர்ந்தோரிடமும் தொழிற்படுகின்றது என்பதை 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் நிலைநாட்டின. ஒல்லாந்திலே 24 ஆடவரை 16 பாகை செல்சியஸ் குளிரில் இருத்திப் பார்த்தபோது 23 பேரிடம் அது விழித்தெழுந்தது. அவர்களுட் சிலரை மிதமான வெப்பத்திற் சோதித்தபோது அது உறங்கியே கிடந்தது.

அன்றாட வெப்பத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை, 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஐந்து ஆடவர் நான்கு மாதங்கள், மாதத்துக்கொரு வெப்பநிலையில் துயின்றனர். 19 பாகையில் ஒரு மாதங் கழிந்ததும் கபிலக் கொழுப்பு நூற்றுக்கு 42 வீதம் பெருகியது; 27 பாகையில் அப்பெருக்கம் இல்லாதொழிந்தது.

அந்த 27 பாகைதான் நம் கொழும்பின் ஆண்டுச் சராசரி! நுவரெலியாவுக்கு ஏறினாலன்றி 16 பாகையை நாம் காண்பது அரிது. போதாக்குறைக்கு, ஒல்லாந்தில் வாழும் தெற்காசிய வம்சத்து இளைஞரிடம், ஐரோப்பிய வம்சத்தவரிலும் பார்க்கக் கபிலக் கொழுப்புக் குறைவென லெய்டன் ஆய்வாளர் 2014இற் கண்டனர்.

இலங்கையில் 2005-2006இல் நடந்த கணிப்பின்படி, 20 வயதுக்கு மேற்பட்டோரிற் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு. கபிலக் கொழுப்பின் குறைவே அதற்குக் காரணம் என்று நாம் கூறவரவில்லை. ஆனால் உண்டதை எரிக்கும் அடுப்புகளில் ஒன்று நம்மிடம் மந்தமாயிருக்கக்கூடும் என்பது சிந்திக்கத்தக்கது.

அப்படியாயின் குளிரூட்டி வாங்கினால் நோய் தீருமோ? குளிர்மாதத்தில் அந்த ஐவரின் உடம்பில் இன்சுலின் சற்றுத் திறம்பட வேலைசெய்தது மெய். ஆனால் நிறை குறையவில்லை. ஐவரைக் கொண்டு ஊருக்கு மருந்து எழுதலாகாது. திடீர்க் குளிர் இரத்த அழுத்தத்தை உயர்த்துமாதலால், இருதய நோயுள்ள பெரியோர் பனிநீர்க் குளிப்பை நாடாதிருத்தல் நலம்.

குளிரை எதிர்பாராத பேரடுப்பொன்று நம்மிடம் உண்டு. அதுவே தசை. நடந்தால் அது மூளும். மாலையிற் காலிமுகத் திடல்வரை நடப்போம்; பெரியோர்களே, நீங்களும் உடன் வாருங்கள்.