தலைக்கவசமும் தாடைப் பட்டையும்

(நமது மருத்துவமனையில் நடந்த வாலிபர் – பெற்றோர் கூட்டத்தில், தலைக்காய சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஆற்றிய உரையின் சுருக்கம். ஆதரவாளர்களாகிய உங்களுக்காக இங்கே தருகிறோம்.)



பைக் ஓட்டாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. கல்லூரிக்கும் வேலைக்கும் போக நம் பிள்ளைகளுக்கு அதுதான் வாகனம். பத்திரமாக வீடு திரும்புங்கள் என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

மத்திய அரசின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இதில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்லர், பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். யாருடைய மனைவியோ, தாயோ, தங்கையோ, நண்பனோ!

கால் எலும்பு முறிந்தால் கம்பி வைத்துச் சில மாதங்களில் நடக்க வைத்துவிடலாம். மூளை அப்படியல்ல. அது மிக மென்மையானது. மண்டை ஓட்டுக்குள் நீரில் மிதக்கிறது. தலை தரையில் மோதும்போது ஓடு நின்றுவிடுகிறது, உள்ளே மூளை நிற்காமல் போய் ஓட்டில் இடிக்கிறது. பிறகு வீங்குகிறது, வீங்க இடமில்லை. எலும்பைத் திறந்து இடம் கொடுக்கலாம், இரத்தக் கட்டியை எடுக்கலாம். செத்துப்போன மூளைச் செல்களை உயிர்ப்பிக்க எந்த மருத்துவராலும் முடியாது.

தலைக்கவசம் செய்வது எளிய வேலை. உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. இதனால் மரண ஆபத்து சுமார் 42 சதவீதமும், தலைக்காய ஆபத்து சுமார் 69 சதவீதமும் குறைவதாக 2008-இல் வெளியான ஒரு பெரிய மருத்துவ ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது.

ஆனால் பட்டையை மாட்டாவிட்டால், தலை தரையைத் தொடும் முன்பே கவசம் பறந்துவிடும். போலீசுக்காக மாட்டுவதும், பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போவதும் உயிரைக் காக்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே நன்றாகத் தெரிந்தாலும், மாற்றிவிடுங்கள்.

தம்பிமார்களே, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறீர்கள். செல்போனை இரண்டு நொடி பார்த்தால், 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். வேகம் 40-இலிருந்து 60 ஆனால் மோதலின் வலு இரண்டேகால் மடங்காகிறது.

பெற்றோர்களே, நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்குப் பரிசாக பைக் வாங்கிக் கொடுக்கிறீர்கள். 16 வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சி.சி.க்கு உட்பட்ட, கியர் இல்லாத வண்டியை மட்டுமே, அதுவும் உரிமம் பெற்று. மற்ற பைக்குகளுக்கு 18 வயது நிறைய வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளை கெஞ்சினாலும் சாவியைக் கொடுக்காதீர்கள்.

விபத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகாதீர்கள். 108-ஐ அழையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள். நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்கு இன்று சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. ஆனால் தலையில் அடிபட்ட பிள்ளைக்கு மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்து, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, மறுபடி பேசப் பழக்க மாதக்கணக்காகும். அந்தப் பாரம் குடும்பத்தின் தோளில் விழுகிறது. ஆதரவாளர்கள் அனுப்பும் உதவி அந்த நாட்களில்தான் பெரிதும் தேவைப்படுகிறது.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். தலைக்கவசத்தை எடுத்து, பட்டை சரியாகப் பூட்டுகிறதா என்று பாருங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும், நான்கு வயதைக் கடந்த குழந்தைக்கும் அளவான கவசம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், வாங்கும்வரை அவர்களைப் பேருந்தில் அனுப்புங்கள்.