வேட்டைத் தொழில் புகட்டும் வியாபாரப் பாடம்

(கிராமவாசிகள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



வேட்டை என்றவுடன் கொலை என்னும் எண்ணமே பலருக்குத் தோன்றும். வேடனுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்று நினைப்பவரும் உளர். ஆயினும், தலைமுறை தலைமுறையாக வேட்டையினால் ஜீவித்த ஜனங்களைக் கவனித்தால் உண்மை வேறாகக் காணப்படும். காட்டில் உள்ளதையெல்லாம் ஒரே பருவத்தில் கொன்று தீர்த்த வேடனுக்கு மறுபருவத்தில் உணவில்லை. எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது, எதை விட்டுவைப்பது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தவனே நீடித்துப் பிழைப்பான். கடன் வாங்கும் குடியானவனுக்கும், கடை வைப்பவனுக்கும், சங்கத்தை நடத்தும் பஞ்சாயத்தாருக்கும் உரிய கேள்விகள் இவையே. முதலைத் தொடாமல் பலனை மட்டும் எடுத்து உண்ணவேண்டும் என்பதே இவற்றின் சாரம். இதற்குத் தக்க சாட்சி, செங்கற்பட்டுப் பிரதேசத்து இருளர்களின் பாம்புபிடி தொழிலில் கிடைக்கின்றது.

இருளர்கள் வேட்டையிலும், மூலிகை சேகரிப்பதிலும், தேன் எடுப்பதிலும் பழகிய வகுப்பினர். பாம்பையும் எலியையும் பிடிப்பதில் அவர்களுக்கு நிகரானவர் அரியர். இருளர் ஒருவர் வயல்வெளிக்குள் சென்றால் முதலில் கடப்பாரையை ஓங்குவதில்லை, கண்ணையே பிரயோகிக்கின்றார். வரப்பிலுள்ள வளையின் வாய் வழவழப்பாய் இருக்கின்றதா, அல்லது சிலந்தி வலை படர்ந்து கிடக்கின்றதா என்று பார்க்கின்றார். மணலில் பாம்பு ஊர்ந்த தடம், உரித்துப்போட்ட சட்டை, புதிய எச்சம் ஆகியவற்றைத் தேடுகின்றார். பத்து வளைகள் இருப்பின் ஒன்றைத் தெரிந்தெடுத்து அதையே தோண்டுகின்றார். பத்தையும் தோண்டுகிறவனுக்குக் கை ஓய்ந்துபோவதுதான் மிச்சம்; வரப்பும் பாழாகும்.

இதில் முதற் பாடம் அடங்கியிருக்கின்றது. தோண்டுவதற்கு முன் தடம் பார்க்கவேண்டும். பக்கத்து ஊரான் மாடு வாங்கினான் என்று கேட்டு மாட்டுக்குக் கடன் வாங்குகிறவனும், பக்கத்து வயற்காரன் கிணறு வெட்டினான் என்று தானும் வெட்டுகிறவனும், தடம் பாராமல் கடப்பாரை ஓங்குகிறவர்களே. தீனி எங்கிருந்து வரும், பால் எங்கே விலைபோகும், நீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்று விசாரித்த பின்பே பணத்தை இறக்கவேண்டும். கடன் மனுவைப் பரிசீலிக்கும் பஞ்சாயத்தாருக்கும் இவ்விதி பொருந்தும். மனுதாரரின் முகத்தைப் பார்த்தல் போதாது. அவருடைய நிலத்தையும், பயிரையும், பழைய தவணைகளை அவர் செலுத்திய விதத்தையும் பார்க்கவேண்டும். அவையே தடம்.

இத்துணைத் திறமை வாய்ந்த இருளர்களுடைய ஜீவனம் நெடுங்காலம் வறுமையிலேயே கழிந்தது. அதன் காரணம் கவனிக்கத்தக்கது. சென்ற நூற்றாண்டில் பாம்புத்தோலுக்கு அந்நிய தேசங்களில் கிராக்கி ஏற்பட்டது. காலணிகளுக்கும் கைப்பைகளுக்கும் அத்தோல் வேண்டியிருந்தது. சாரை, நாகம், விரியன் முதலியவை ஏராளமாய்ப் பிடிக்கப்பட்டுத் தோலுரிக்கப்பட்டன. தோலைப் பதனிட்டு விற்ற வியாபாரிக்குக் கிடைத்த லாபம் பெரிது. பிடித்தவருக்குக் கிடைத்ததோ அற்பக் கூலி. ஒரு பாம்பு ஒரே ஒரு முறைதான் விலைபோகும். விற்றபின் பாம்பும் இல்லை, அதன் குட்டிகளும் இல்லை. நஷ்டம் பிடித்தவரோடு நிற்கவுமில்லை. வயலெலிகளைத் தின்னும் சாரை குறைந்தால் எலிக்குக் கொண்டாட்டம்; நெற்கதிர் வளைக்குள் போகும். ஆகவே, ஒருவன் தன் முதலை விற்றபோது பக்கத்து வயற்காரனுடைய முதலும் கரைந்தது.

1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்புகளுக்கு அது நன்மையே; ஆனால் அன்றாடம் பாம்பு பிடித்து அன்றாடம் உண்ட குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. வேறு நிலமோ, சேமிப்போ அவர்களுக்கு இல்லை. விதைநெல்லையும் உண்டுவிட்ட குடியானவனுக்கு மழை பெய்தும் பயனில்லாதது போல, திறமை கையில் இருந்தும் அதை விற்க வழியில்லாமல் அவர்கள் நின்றார்கள்.

இந்நிலையில் ஊர்வன ஆராய்ச்சியில் ஈடுபட்ட ராமுலஸ் விட்டேக்கர் என்பவர் இருளர்களோடு சேர்ந்து ஒரு வழி கண்டார். 1978-ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியிலுள்ள முதலைப் பண்ணைக்குள் இச்சங்கம் தன் தொழிலை நடத்துகின்றது. பாம்பைக் கொல்லாமல் அதன் விஷத்தை மட்டும் எடுத்து, விஷமுறிவு மருந்து செய்யும் நிலையங்களுக்கு விற்பதே இதன் வியாபாரம். அந்நிலையங்களில் குதிரைகளுக்கு விஷத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்து மருந்து தயாரிக்கின்றனர்.

சங்கம் நடைபெறும் முறையை விவரமாகக் கூறுதல் அவசியம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு வகைகளையே அங்கத்தினர்கள் பிடித்துவருகின்றனர். எத்தனை பாம்புகள் பிடிக்கலாம் என்பதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். பிடித்த பாம்புகளை மண்பானைகளில் மணலிட்டு வைத்து, பானையின் வாயைத் துணியால் கட்டுகின்றனர். வாரத்துக்கு ஒருமுறை விஷம் எடுக்கப்படுகின்றது. மூன்று நான்கு வாரங்களில் ஏறக்குறைய நான்கு தடவை எடுத்த பின், பாம்பின் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டி, அதைக் காட்டிலே விட்டுவிடுகின்றனர். அடையாளமுள்ள பாம்பு மறுபடி அகப்பட்டால், அஃது அண்மையில் விடப்பட்டதென்பது தெரிந்துவிடும்.

தோல் வியாபாரத்தையும் விஷ வியாபாரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னதில் ஒரு பாம்புக்கு ஒரு விலை. அத்துடன் கணக்கு முடிந்தது. பின்னதில் ஒரு பாம்பு பலமுறை பலன் தந்தபின் உயிரோடு வெளியேறி, எலியைத் தின்று, முட்டையிட்டோ குட்டி போட்டோ இனத்தைப் பெருக்குகின்றது. பிடிக்கும் கையும் அதே கை. பிடிபடும் பாம்பும் அதே பாம்பு. மாறியது கணக்கு ஒன்றே. தோல் முதல், விஷம் வட்டி. முதலை விற்றவர் வட்டியை விற்கக் கற்றதே இங்கு நிகழ்ந்த மாறுதல்.

நான்கு தடவையோடு நிறுத்துவானேன், பத்துத் தடவை எடுத்தால் வருமானம் பெருகாதோ என்று சிலர் வினவலாம். விஷம் மறுபடி ஊறுவதற்கு நாள் வேண்டும். அடைபட்ட பாம்பு நாளாக ஆக மெலியும். மெலிந்த பாம்பை விடுவதும் கொல்வதும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே பேராசைக்கு வெளியிலிருந்து ஒரு வரம்பு கட்டப்பட்டிருக்கின்றது. இத்தகைய வரம்பு கூட்டுறவுக்குப் புதியதன்று. 1904-ஆம் ஆண்டில் நாணய சங்கச் சட்டம் பிறந்தபோது, சென்னை ராஜதானியின் முதற் கிராம நாணய சங்கம் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரிலேயே பதிவாயிற்று. பின்னர் வந்த 1912-ஆம் ஆண்டுச் சட்டம், நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கையாவது ஒதுக்குநிதியில் சேர்த்த பின்பே மீதியைப் பங்கிடலாம் என்று விதித்தது. லாபம் முழுவதையும் பங்கிட்டு உண்ணும் சங்கம், பாம்பைக் காட்டில் விட மறுக்கும் வேடனுக்கு ஒப்பானது. ஒதுக்கியது கண்ணுக்குத் தெரியாது. பஞ்ச காலத்தில்தான் அதன் அருமை தெரியும்.

இரண்டாவதாக, இத்தொழிலைத் தனி மனிதர் ஒருவர் செய்ய இயலுமா என்று ஆலோசிக்கவேண்டும். சுருட்டைவிரியன் ஒன்றிடமிருந்து ஒருமுறை கிடைக்கும் உலர்ந்த விஷம் சில மில்லிகிராம்களே. அதைக் குளிர்நிலையில் ஈரம் நீக்கிப் பொடியாக்கவும், துல்லியமாய் நிறுக்கவும், கெடாமல் காக்கவும் இயந்திரங்கள் வேண்டும். மருந்து நிலையத்தார் தனி வேடனிடம் ஒரு சிட்டிகைப் பொடியை வாங்கமாட்டார். அதன் தூய்மைக்கு யார் பொறுப்பு என்று கேட்பார். பலர் கொணர்ந்த சிறு துளிகள் ஒன்றாய்ச் சேர்ந்து, ஒரே பெயரில், ஒரே பொறுப்பில் விற்பனையாகும்போதுதான் விலை பேசும் பலம் உண்டாகின்றது. பாலுக்கும், நெல்லுக்கும், கைத்தறித் துணிக்கும் இதே நியாயந்தான். அதே சமயத்தில், ஒருவர் செய்யும் கலப்படம் அனைவருடைய பெயரையும் கெடுக்கும் என்பதும் இதனோடு பிறந்த விதி.

இச்சங்கத்துக்கு ஆபத்தே இல்லையென்று எண்ணுதல் கூடாது. விற்கும் சரக்கு ஒன்று, வாங்குவோரும் சிலரே. அரசாங்க அனுமதி தாமதித்தாலோ, மருந்து நிலையங்கள் கொள்முதலைக் குறைத்தாலோ, அங்கத்தினர்களின் கை சும்மா இருக்கும். அன்றியும், ஒரே வகைப் பாம்பின் விஷமும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றதென்றும், தமிழ்நாட்டுப் பாம்புகளின் விஷத்தால் செய்த மருந்து வேறு சில பிரதேசங்களில் அவ்வளவாய்ப் பலிப்பதில்லையென்றும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கின்றனர். ஆகவே பிற மாகாணங்களிலும் இத்தகைய ஏற்பாடுகள் தோன்றக்கூடும், தோன்றுவதும் நியாயமே. ஒரே கிணற்றை நம்பிய தோட்டம் கோடையில் வாடும். வடநெம்மேலியில் விஷம் எடுக்கும் முறையைப் பொதுஜனங்களுக்குக் கட்டணத்தோடு காட்டிவருவது, சிறிதேயாயினும், இரண்டாவது கிணறாகும். நெல் ஒன்றையே நம்பும் குடியானவரும் ஒரு பசுவோ, நாலு கோழியோ, பத்துத் தென்னையோ வைத்துக்கொள்ளுதல் இதே விவேகத்தைச் சேர்ந்தது.

மூன்றாவது முதல் ஒன்றுண்டு. அஃது அறிவு. அமெரிக்காவிலுள்ள பிளாரிடா மாகாணத்தில், அந்நாட்டுக்கு உரியதல்லாத பர்மா மலைப்பாம்புகள் சதுப்புநிலங்களில் பெருகி, அங்குள்ள பிராணிகளை விழுங்கிவந்தன. அவற்றைக் கண்டுபிடிப்பதே அங்குள்ளோருக்குப் பெருங் கஷ்டமாயிருந்தது. 2017-ஆம் ஆண்டில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் அங்கே அழைக்கப்பட்டார்கள். முன்பின் காணாத பூமியில், இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளை அவர்கள் பிடித்தார்கள். 2023-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவர்கள் கடல் கடந்து கொண்டுசென்ற மூலதனம் தடம் பார்க்கும் கண் ஒன்றே. இம்முதலைத் திருடர் கவர முடியாது. ஆனால் பிள்ளைகள் கற்காவிட்டால் ஒரு தலைமுறையில் அழிந்துபோகும். நெசவு, குயவு, தச்சு, வைத்தியம் எதுவாயினும் இதே நிலைதான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும். விடுமுறையில் தொழிலையும் காட்டவேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடுதல் முதலில் பாதியை இழப்பதாகும்.

இவையெல்லாம் இருளர்களுடைய விஷயமென்று கேட்டுவிட்டுப் போவதற்கில்லை. 2020-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர் தொகை ஏறக்குறைய 12 லட்சம். ஆண்டுக்குச் சராசரி 58,000. இவர்களில் மிகப் பெரும்பாலார் கிராமவாசிகள்; பாதிப்பேர் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைமாதங்களில் இறந்தவர்கள். ஆஸ்பத்திரியில் ஏற்றப்படும் மருந்தின் மூலப்பொருளை, உயிரைப் பணயம் வைத்து வரப்பிலிருந்து கொண்டுவருபவர் இத்தொழிலாளர். ஆகவே அவர்கள் சங்கம் நிலைத்தால் நன்மை பெறுவது வயலில் இறங்கும் ஒவ்வொருவருமே. இரவில் விளக்கின்றி நடவாதிருத்தல், காலில் செருப்பணிதல், தரையை விட்டுக் கட்டிலில் கொசுவலைக்குள் படுத்தல், வீட்டருகே எலி சேரும் குப்பையை நீக்குதல் ஆகியவை கடியைத் தடுக்கும். கடிபட்டால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும், மந்திரத்துக்குக் காத்திருப்பதும் ஆகா. கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுசெல்லவேண்டும்.

சகோதரர்களே! அடுத்த மகாசபைக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இவ்வாண்டு கொடுத்த கடன்கள் தடம் பார்த்துக் கொடுக்கப்பட்டனவா? பங்கிட்டது வட்டியா, முதலா? சங்கத்துக்கு இரண்டாவது கிணறு உண்டா? இவற்றுக்கு நேரான விடை கிடைக்கும் சங்கத்தை மழை தவறினாலும், விலை சரிந்தாலும் அசைக்க முடியாது. விடை கிடைக்காவிடில் அக்கூட்டத்திலேயே திருத்தம் தொடங்குக. பானையின் வாயைத் திறந்து பாம்பைக் காட்டுக்கு அனுப்பும் இருளருக்கு அன்றைய தினம் கை வெறுங்கையே. அடுத்த ஆண்டின் தொழில் அந்தப் பாம்போடு உயிர் பிழைத்துப் போகின்றதென்பது அவருக்குத் தெரியும்.