பின்கதவு திறக்கலையா? பட்டறைக்கு முன்னாடி நாமே பார்ப்போம்

சேமிப்பு, கடன் பத்திப் பேச இங்கே நிறைய பேர் இருக்கீங்க. நான் வண்டி ஓட்டுறவ. அதனால வேனோட பின்கதவு லாக்கைப் பத்திப் பேசுறேன். சிரிக்காதீங்க.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடலோரமா ஓடுற வண்டிக்கு உப்புக்காத்து ஒரு எதிரி. அதைவிட மோசம், மீன் ஏத்துறப்போ ஐஸ் பெட்டியிலிருந்து வழியுற தண்ணி. ஆம்னி, ஈகோ மாதிரி மேலே தூக்கித் திறக்கிற கதவுக்கு லாக் அடியில இருக்கு. தரையில ஓடுற தண்ணி நேரா அங்கதான் போகும். செங்கல்பட்டு பக்கம் மட்டும் ஓடுற வண்டிக்கு உப்பு குறைவு, தூசி அதிகம்.

லாக்குன்னா ஒரே பொருள் இல்ல. நாம கை வைக்கிறது ஹேண்டில். அதிலிருந்து கதவுக்குள்ள ஒரு கம்பியோ கேபிளோ போகும். அது இழுக்கிறது கொக்கி மாதிரி கவ்வுற லாக்கை. கொக்கி கவ்வ வண்டி உடம்புல ஒரு வளையம் இருக்கும், மெக்கானிக்குங்க ஸ்ட்ரைக்கர்னு சொல்வாங்க. எது கெட்டாலும் நம்ம வாயில வர்றது "லாக் போச்சு" மட்டும்தான்.

போன மழைக்கு முன்னாடி எங்க வேன் கதவு திறக்கவே இல்ல. ஒரு பட்டறையில பார்த்ததும், "முழு லாக்கையும் மாத்தணும்மா"ன்னாங்க. சொன்ன தொகை எனக்கு ஒரு மாசக் கடன் தவணை. நான் சீட்டைத் தாண்டி உள்ளே போய், கதவின் உள்பக்க அட்டையைக் கழட்டி, லாக்கோட லீவரை விரலால தள்ளினேன். 'டக்'குனு திறந்துச்சு. லாக் நல்லாத்தான் இருந்துச்சு. கம்பி முனையில இருந்த சின்ன பிளாஸ்டிக் கிளிப்தான் உடைஞ்சிருந்தது.

கதவு திறந்திருக்கும்போது செய்ய ஒரு சோதனை இருக்கு. ஸ்க்ரூடிரைவரால கொக்கியைத் தள்ளி மூடுங்க. பல வண்டியில ரெண்டு தடவை 'டக்'குங்கும்: முதல்ல பாதிப் பூட்டு, அடுத்தது முழுப் பூட்டு. இப்போ ஹேண்டிலை இழுங்க. கொக்கி விரிஞ்சா லாக்கும் கம்பியும் சரி. வளையம் நகர்ந்திருக்கும், இல்லேன்னா கீல் தேஞ்சு கதவு தொங்கியிருக்கும். விரியலேன்னா, அட்டையைக் கழட்டி லீவரை நேரா தள்ளிப் பாருங்க. அப்போ விரிஞ்சா பழுது ஹேண்டில் பக்கம். அப்பவும் அசையலேன்னாத்தான் லாக். கொக்கியை விரிச்சு விடாம மட்டும் கதவைச் சாத்திடாதீங்க, வளையத்துல மோதிடும்.

வளையத்தை நகர்த்தணும்னா முதல்ல அதைச் சுத்திப் பென்சிலால கோடு போடுங்க. பழைய இடம் அப்போதான் தெரியும்.

சென்ட்ரல் லாக் இருக்கிற வண்டியில மத்த கதவெல்லாம் வேலை செஞ்சு பின்கதவு மட்டும் சும்மா இருந்தா, வண்டியிலிருந்து கதவுக்குப் போற ரப்பர் குழாய்க்குள்ள வயர் அறுந்திருக்கான்னு பாருங்க. திறந்து திறந்து மூடுறதுல அது மடங்கி அறும். எந்தக் கதவும் அசையலேன்னா ஃபியூஸ், பேட்டரி பக்கம் போங்க.

தேங்காய் எண்ணெய் ஊத்துற பழக்கத்தை விட்டுடலாம். மணல் ஒட்டிக் களியாயிடும். நல்ல தண்ணியில பிரஷ் போட்டுக் கழுவி, காய வெச்சு, கொக்கிக்குக் கொஞ்சமா கிரீஸ் வைங்க. சாவி ஓட்டைக்கு கிரீஸ் வேணாம், கிராஃபைட் தூள் போதும். கதவோட அடி விளிம்புல தண்ணி வடியுற சின்ன ஓட்டைங்க இருக்கும். மண் அடைச்சா கதவு உள்ளேயிருந்தே துருப்பிடிக்கும்.

லாக் சரியில்லேன்னு கயித்தால கட்டிக்கிட்டு ஓட்டுறதை மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில நமக்குப் பின்னால ஸ்கூட்டியில ஒரு பொண்ணு வந்துக்கிட்டிருப்பா. ஐஸ் பெட்டி அவ மேல விழுந்தா?

இன்னொண்ணு. கார்ல பின்சீட்டுக் கதவு உள்ளேயிருந்து திறக்காம, வெளியிலிருந்து மட்டும் திறந்தா, கதவோட ஓரத்துல லாக்குக்குப் பக்கத்துல பாருங்க. குழந்தைங்களுக்கான சைல்டு லாக் லீவர் இருக்கும். கழுவும்போது கைபட்டுத் தள்ளியிருக்கும். தள்ளி விட்டா சரியாயிடும். இதுக்கும் காசு வாங்கினவங்க உண்டு.

சாப்பாட்டுக்கு அப்புறம் வேன் மண்டப வாசல்ல நிக்கும். ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்திருக்கேன். ஓட்டத் தெரியாதவங்களும் வாங்க.