முதுமையில் என்பின் வலிமை
(வடாலாவில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



இயலும் இசையும் நாடகமும் இடம்பெறும் இம்மேடையில் எலும்பைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். அவையின் முன்வரிசையை ஒருமுறை நோக்கினால் அவ்வையம் அகன்றுவிடும். துறைமுகத்திலும் இரயில்வேயிலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்து, அவ்வுழைப்பின் இடையே இச்சங்கத்தையும் வளர்த்த பெரியோர்கள் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுள் சிலர்க்கு இம்மண்டபத்தின் படிகளை ஏறுவதே இன்று அச்சம் தருவதாகிவிட்டது. ஏறுவது கடினம் என்பதனால் அன்று, விழுந்துவிடுவோமோ என்பதனால்.

அவ்வச்சம் காரணமற்றதன்று. முதுமையில் மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு ஆகிய மூன்றிடங்களில் எலும்பு எளிதில் முறிகிறது. அவற்றுள் இடுப்பு முறிவே கொடிது. ஓரறையோ ஈரறையோ உள்ள வீட்டில், மகனும் மருமகளும் விடியற்காலையிலேயே வேலைக்குச் சென்றுவிடும் குடும்பத்தில், முதியவர் ஒருவர் படுக்கையில் வீழ்ந்தால் அந்த வீட்டின் நாளெல்லாம் நிலைகுலைந்துவிடும். நேற்றுவரை தாமே நடந்து கடைக்குச் சென்றவர் இன்று ஒரு குவளைத் தண்ணீருக்கும் பிறரை எதிர்பார்க்க நேரும். உடல் நோவினும் கொடிது இந்நோவு என்பதனை முதியோர் அறிவர்.

ஆகவே நாம் என் செய்கிறோம்? “அப்பா, நீங்கள் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா, அந்தக் குடத்தைத் தூக்காதீர்கள்” என்கிறோம். அன்பினால் எழும் சொற்களே இவை. ஆயினும், அன்பின் பெயரால் நாள் முழுதும் உட்கார வைத்தால் அஃது என்புக்குப் பகையாகும் என்பதே இன்று நாம் கூற விழையும் கருத்து.

எலும்பைக் காய்ந்த கட்டை போன்றதெனக் கருதுவோர் பலர். அஃது உயிருள்ள பொருள். பழையதை அரித்தெடுக்கும் உயிரணுக்களும், புதியதைக் கட்டும் உயிரணுக்களும் அதனுள் ஓயாது தொழிற்படுகின்றன. இளமையில் கட்டும் வேலை மிஞ்சுகிறது. ஏறத்தாழ 30 வயதுக்குப் பின்னர் அரிக்கும் வேலை சிறிது சிறிதாக மேலோங்குகிறது. மாதவிடாய் நின்றபின் வரும் சில ஆண்டுகளில் பெண்களுக்கு இத்தேய்வு விரைவுறுகிறது.

கட்டும் உயிரணுக்களை ஏவுவது எது? சுமையே. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் என்பார் 1892-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என விளக்கினார். பந்தாட்ட மட்டையைப் பல்லாண்டு வீசும் டென்னிஸ் வீரரின் ஆடும் கை எலும்பு மற்றைக் கை எலும்பினும் தடித்திருக்கும். இதற்கு மறுதலையாக, வானவெளியில் எடையின்றி மிதக்கும் வீரர்க்குத் தக்க பயிற்சி இல்லையெனில், இடுப்பெலும்பின் அடர்த்தி மாதந்தோறும் நூற்றுக்கு 1 முதல் 1½ பங்கு வரை குறைகிறது. உண்ண உணவிருந்தும், மருத்துவரின் கண்காணிப்பிருந்தும், சுமை இல்லாமையால் எலும்பு கரைகிறது. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் நிலையும் ஓரளவு இத்தகையதே.

நம் பாட்டிமார் எலும்பு வலிமைக்கெனத் தனியே பயிற்சி செய்தவரல்லர். உரலில் உலக்கை ஓங்கினர், அம்மியில் அரைத்தனர், கிணற்றில் நீர் இறைத்து இடுப்பில் குடம் சுமந்தனர், தரையில் அமர்ந்து தரையினின்று எழுந்தனர். அவர்தம் வாழ்க்கை துன்பம் மிக்கது. அதற்குத் திரும்ப வேண்டும் என்று நாம் கூறவில்லை. மிக்ஸியும் கிரைண்டரும் குழாயும் வந்தது நன்றே. ஆனால் அவை கைகால்களின் சுமையை எடுத்துக்கொண்டபோது எலும்பின் உணவையும் உடன் எடுத்துச் சென்றன. சால் வீட்டின் கீழ்த்தளத்தில், வாசலும் முற்றமுமாக உலவியவர்கள் இன்று மறுகுடியமர்வுக் கட்டடங்களின் உயர்ந்த மாடிகளில் வாழ்கின்றனர். மின்தூக்கி பழுதானால் பல நாள் வெளியே வருவதேயில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். வழுக்கும் சாலையில் முதியோரை நடக்கச் சொல்ல எவர்க்கும் மனம் வாராது. எனவே நமக்கு வேண்டியது இல்லத்துக்குள்ளேயே செய்யத்தக்க பயிற்சி.

இல்லப் பயிற்சி பயன் தருமா என வினவுவோர்க்கு நியூசிலாந்து நாடு விடை கூறுகிறது. அங்குள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் முதியோர்க்கென ஒரு பயிற்சி முறையை வகுத்தனர். பயிற்சி பெற்றவர் ஒருவர் சிலமுறை வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுப்பார். பின்னர் முதியவர் தாமே வாரத்தில் 3 நாள், நாளொன்றுக்கு அரைமணி நேரம் செய்வார். கணுக்காலில் சிறு எடை கட்டிக் காலை உயர்த்துதல், உடலைச் சமநிலையில் நிறுத்துதல், நடத்தல் என்பனவே அதன் கூறுகள். 65 முதல் 97 வயது வரையுள்ள 1,016 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வுகளின் முடிவுகள் 2002-இல் ஒருங்கே தொகுக்கப்பெற்றன. வீழ்ச்சிகள் நூற்றுக்கு 35 பங்கு குறைந்தன. எலும்பை வலுவாக்குவது ஒரு காப்பு. விழாதிருப்பது மற்றொரு காப்பு. முதுமையில் இவ்விரண்டும் வேண்டும்.

இனி, வடாலாவின் சிறிய வீட்டிலும் செய்யத்தக்க பயிற்சிகளைக் கூறுவோம்.

முதலாவது, நாற்காலியினின்று எழுதல். சுவரோடு சேர்த்து வைத்த உறுதியான நாற்காலியில் அமர்ந்து, இயன்றால் கைகளை ஊன்றாமல் எழுந்து, மெல்ல அமர்தல் வேண்டும். 10 முறை போதும். இளமையில் பிள்ளையார் முன் தோப்புக்கரணம் இட்டவர்கள் நாம். அதன் முதுமைக் கால வடிவம் இஃது எனலாம். தொடைக்கும் இடுப்புக்கும் இதனினும் எளிய பயிற்சி அரிது.

இரண்டாவது, குதிகால் உயர்த்தல். சமையல் மேடையைப் பற்றிக்கொண்டு முன்பாதத்தில் நின்று, பின் மெல்ல இறங்குதல். குழம்பு கொதிக்கும் நேரத்திலேயே இதனை முடித்துவிடலாம்.

மூன்றாவது, சுவர்த் தள்ளல். சுவரில் இரு உள்ளங்கைகளையும் பதித்து, ஓரடி விலகி நின்று, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவரருகே கொணர்ந்து, மீளத் தள்ளுதல். மணிக்கட்டும் தோளும் இதனால் சுமை பெறும்.

நான்காவது, எடை தூக்கல். ஒரு லிட்டர் தண்ணீர் நிறைந்த புட்டி ஒரு கிலோ எடையாகும். கைக்கு ஒன்றாகப் பற்றித் தோள்வரை உயர்த்துக. அரைக்கிலோ அரிசியைத் துணிப்பையிலிட்டுக் கணுக்காலில் கட்டி, நாற்காலியில் அமர்ந்தவாறே காலை நீட்டுக. இலேசாகத் தோன்றத் தொடங்கியதும் எடையைச் சிறிது கூட்டுதல் வேண்டும். பழகிய சுமைக்கு எலும்பு புதிதாக எதுவும் செய்யாது.

ஐந்தாவது, முதுகை நிமிர்த்தல். அமர்ந்தபடியே தோள்பட்டைகளைப் பின்னே ஒன்றையொன்று நெருங்கச் செய்து, ஐந்து எண்ணும் வரை நிறுத்துக.

ஆறாவது, சமநிலை. மேடையைப் பற்றியவாறு ஒற்றைக் காலில் 10 நொடி நிற்றல். சுவரோரமாக ஒரு பாதத்தின் முன் மற்றொரு பாதத்தை ஒட்டி வைத்து நடத்தல். அருகில் பற்றுக்கோடு இல்லாமல் இதனைச் செய்தல் கூடாது.

நடைப்பயிற்சி இதயத்துக்கும் உள்ளத்துக்கும் நன்று. ஐந்து தோட்டத்தைச் சுற்றிவரும் நம் அன்பர்கள் அதனை விட வேண்டா. ஆயினும் நடையொன்றே எலும்பின் அடர்த்தியைப் பெருக்கப் போதாது; படியேறலும் எடை தூக்கலும் உடன் வேண்டும்.

செய்யத்தகாதனவும் உள. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், எலும்புத் தேய்வுற்ற பெண்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 1984-இல் வெளியாயிற்று. முன்னே குனியும் பயிற்சியை மட்டும் செய்தோரில் நூற்றுக்கு 89 பேர்க்கு முதுகெலும்பு மேலும் நசுங்கியது. நிமிரும் பயிற்சி செய்தோரில் நூற்றுக்கு 16 பேர்க்கே அவ்வாறாயிற்று. ஆதலின் எலும்பு தேய்ந்தவர்கள் கால்விரலைத் தொடக் குனியும் ஆசனங்களையும், குனிந்தவாறே உடலைத் திருகுவதையும், தரையிலுள்ள சுமையை முதுகு வளைத்துத் தூக்குவதையும் தவிர்க்க. முன்பே எலும்பு முறிந்தவர்கள், தலைச்சுற்றல் உடையவர்கள், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உண்பவர்கள், நெஞ்சு நோய் உடையவர்கள் மருத்துவரைக் கேட்டபின்னரே தொடங்குக. பயிற்சியின்போது கூர்மையான வலி எழுந்தால் அன்றே நிறுத்துக.

சுமை ஏவினாலும் கட்டுவதற்குப் பொருள் வேண்டுமன்றோ? கேழ்வரகு, பால், தயிர், எள், கீரை, முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்து உண்டு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. அச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதனைத் தருவது வெயில். உயர்ந்த கட்டடங்களின் நிழலில் வாழும் நாம், மொட்டை மாடியிலேனும் பலகணியிலேனும் சிறிது நேரம் வெயிலில் நிற்கப் பழக வேண்டும். குளியலறையின் ஈரத்தைத் துடைத்து, இரவில் ஒரு சிறு விளக்கு எரியவிட்டு, தேய்ந்த செருப்பை மாற்றுதலும் எலும்பைக் காக்கும் பணியே.

இதன் பயன் ஒரு திங்களில் தோன்றாது. எழுந்து நிற்பதில் தெளிவு சில வாரங்களில் வரும்; எலும்பு தன் மாற்றத்தைக் காட்டப் பல மாதங்கள் ஆகும். இடையில் விட்டால் பெற்றதும் தேயும். எனவே தனியாகச் செய்வதினும் துணையோடு செய்வது நிலைக்கும். அதற்குச் சங்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் விளையாட்டு விழாவில் சிறுவர்க்கு ஓட்டப் பந்தயம் நடத்துகிறோம். அரைநிமிடத்தில் நாற்காலியினின்று எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணும் சோதனையை முதியோர்க்கென ஏன் சேர்த்தல் கூடாது? மருத்துவர்களும் கால் வலிமையை அளக்கக் கையாளும் முறையே அது. ஒருவர் மற்றவரோடு போட்டியிட வேண்டா. சென்ற ஆண்டின் தம் எண்ணிக்கையோடு இவ்வாண்டின் எண்ணிக்கையை ஒப்பிட்டால் போதும். மாதம் ஒருமுறை ஓர் இளைஞர் ஒரு முதியவரின் வீட்டுக்குச் சென்று உடன் நின்று செய்தால், பயிற்சியோடு நல்ல தமிழ்ப் பேச்சும் அவ்வீட்டில் நிகழும்.

இளைஞர்களே, முதியோரிடமிருந்து வேலையைப் பறிப்பதனை மட்டும் பணிவிடை என எண்ணாதீர்கள். காய்கறிப் பையில் பாதியை அவர்கள் கையில் கொடுங்கள். படியேறும்போது ஒரு படி பின்னே நின்று துணை வாருங்கள். “உட்காருங்கள்” என்று சொல்லும் வாயால் நாள்தோறும் ஒருமுறையேனும் “எழுந்து வாருங்கள், சேர்ந்து செய்வோம்” என்று சொல்லுங்கள். அவர்கள் தம் காலில் நிற்கும் ஒவ்வோர் ஆண்டும் நமக்குக் கிடைத்த செல்வம்.