36 மணி நேரம் பொண்ணை வெளியே அனுப்பலாமா?

(கூட்டமைப்பின் பொதுக்குழுவில் நிர்வாகிகள் சார்பில் பேசியது)



சேமிப்பு, கடன் திருப்பம் பற்றி காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். இது வேறு விஷயம். போன மாதம் மூன்று குழுக்களிலிருந்து ஒரே கேள்வி வந்தது. "காலேஜ்ல ஹேக்கத்தானாம், ராத்திரி பூரா அங்கேயே இருக்கணுமாம், பொண்ணை அனுப்பலாமா?" எங்களுக்கும் அது என்னவென்று தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

ஹேக் என்றதும் பேங்க் பணத்தைத் திருடுற வேலை என்று ஒரு அக்கா பயந்துவிட்டார். அது இல்லை. மாரத்தான் ஓட்டம் மாதிரி, விடாமல் உட்கார்ந்து ஒரு பிரச்சினைக்கு வழி கண்டுபிடிக்கிற போட்டி. 1999-ல் கனடாவில் கம்ப்யூட்டர் ஆட்கள் சிலர் கூடி வேலை செய்ததற்கு இந்தப் பேரை வைத்தார்கள். நம் நாட்டில் மத்திய அரசு 2017-ல் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானை ஆரம்பித்தது. அரசுத் துறைகளும் கம்பெனிகளும் தங்கள் பிரச்சினைகளைக் கொடுப்பார்கள். முதலில் கல்லூரிக்குள்ளேயே தேர்வு, பிறகு யோசனையை எழுதி அனுப்பணும், அதிலும் தேறினால் வேறு ஊரில் இறுதிப் போட்டி. கம்ப்யூட்டர் பிரிவுக்கு 36 மணி நேரம். கருவி செய்கிற பிரிவுக்கு இன்னும் சில நாள் கூட ஆகும்.

ஒரு அணிக்கு ஆறு பேர். அதில் ஒரு பொண்ணாவது கட்டாயம் இருக்கணும் என்பது விதி. ஆனால் சில இடங்களில் விதிக்காகப் பேரை மட்டும் சேர்த்துக்கொண்டு, பொண்ணை டைப் அடிக்க உட்கார வைக்கிறார்களாம். நம்ம பிள்ளைகளே சொன்னது இது.

போன வருஷம் நம் உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு வெளிமாநிலத்தில் இறுதிப் போட்டி. அப்பா சரி என்றார், பெரியப்பா முடியாது என்றார். அம்மா குழுக் கூட்டத்தில் வந்து அழுதார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தர் கேட்டார்: "மகளிர் தின விழாவுக்கு நாம ராத்திரி பஸ்லதானே மெட்ராஸ் போனோம்? அப்ப நம்மள யாரு தடுத்தா?" அன்றைக்கே உள்கடனாக 3000 ரூபாய் கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். வட்டி எல்லோருக்கும் உள்ள வட்டிதான்!

அந்த அணி விவசாயிகளுக்கான செல்போன் செயலி செய்தது. எல்லாம் எழுத்தில். இரவு இரண்டு மணிக்கு வந்த நடுவர், "படிக்கத் தெரியாதவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டாராம். பையன்கள் முழித்தார்கள். இந்தப் பொண்ணுதான் சொல்லியிருக்கிறாள்: "எங்க அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். ஆனா செல்போன்ல பேச்சுல வர்ற சேதியைக் கேட்டுப் புரிஞ்சுக்குவாங்க." அந்த ராத்திரியே செயலியைப் பேச வைத்தார்கள். பரிசு கிடைக்கவில்லை. கடன் ஐந்து தவணையில் அடைந்துவிட்டது. அந்த அம்மா மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், எழுந்து நிற்கச் சொன்னால் மாட்டேன் என்கிறார்.

இதில் எங்களுக்கு ஒரு குறையும் உண்டு. பரிசு வாங்கியதோடு அலமாரிக்குப் போய்விடுகிற பொருள் நிறைய. தொழிலாக மாறணும் என்றால் காசு கொடுத்து வாங்குகிறவரிடம் அதைக் காட்டணும். நம்ம மசாலாப் பொடி முதல் தடவை சந்தையில் விற்காமல் திரும்பி வந்தது ஞாபகம் இருக்கா? காரம் கூட என்று சொன்னார்கள், மாற்றினோம். கல்லூரிப் பிள்ளைகள் நம் ஊருக்கு வந்து "என்ன கஷ்டம்?" என்று கேட்டால் சும்மா அனுப்பாதீங்க. புளி கொட்டை எடுக்கிறதில் கை போகிறது, மழைக் காலத்தில் அப்பளம் காயவில்லை என்று இருக்கிறதைச் சொல்லுங்க. செய்து முடித்ததும் நம்மிடமே கொண்டுவந்து காட்டவும் சொல்லுங்க.

அனுப்புவதற்கு முன்னால் கல்லூரியில் கேட்க வேண்டியது: எந்த ஊர், கூட வருகிற ஆசிரியை யார், பொண்ணுங்க படுக்கத் தனி இடம் உண்டா, டிக்கெட் செலவு யாருடையது. ஆசிரியையின் செல் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரியில் படிக்கிற பொண்ணு உள்ள உறுப்பினர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் உங்கள் ஊக்குநரிடம் பேர் கொடுங்கள். பயணச் செலவுக்குக் கூட்டமைப்பிலிருந்து தனியாக ஒரு தொகை ஒதுக்கலாமா என்று அன்றைக்குத் தீர்மானத்துக்கு வைக்கிறோம்.