டிரம்ஸில் உட்கார வேண்டியவர் யார்?

(திரையிடலுக்கு முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



திரையிடலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஹெவி மெட்டல் என்று அழைப்பிதழில் பார்த்ததும், ‘இந்த இரைச்சலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது’ என்று கேட்டவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். வந்ததற்கு அவர்களுக்குத் தனியாக நன்றி. நான் இசை விமர்சனம் செய்யப் போவதில்லை. ஒரு கச்சேரிப் படம், அதைப் பார்த்த ரசிகர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

படம், பிளாக் சப்பாத் குழுவின் ‘தி எண்ட்’. 2017 பிப்ரவரி 4 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், ஜென்டிங் அரங்கில் எடுத்தது. ஓராண்டுக்கு மேல் நடந்த சுற்றுப்பயணத்தின் 81ஆவது கச்சேரி, கடைசிக் கச்சேரி. 1968இல் தொடங்கிய ஊரிலேயே கொண்டுவந்து முடித்தார்கள்.

அந்த ஊரைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சண்டை புரியாது. நால்வரும் ஆஸ்டன் பகுதிப் பையன்கள். ஆலைகள் சூழ்ந்த தொழிலாளர் குடியிருப்பு. பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் அப்பா ஆலையில் கருவிகள் செய்பவர், அம்மா லூகாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆஸியும் அங்கே கார் ஹாரன் சுருதி பார்த்திருக்கிறார், இறைச்சிக் கூடத்திலும் வேலை செய்திருக்கிறார். கிதார் வாசிக்கும் டோனி அயோமி இரும்புத் தகட்டு ஆலையில் இருந்தார். 17 வயது. வேலையை விட்டு நிற்கிற கடைசி நாள். அன்றைக்கு இயந்திரம் அவருடைய வலது கையின் நடுவிரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் எடுத்துவிட்டது. அவர் இடக்கைக்காரர். தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். வலி குறைய மெல்லிய தந்தி போட்டார், பின்னால் தந்திகளின் சுருதியையும் தளர்த்திக்கொண்டார். அந்தக் கனத்த, இறங்கிய ஓசைக்குப் பின்னால் ஓர் ஆலை விபத்தும் இருக்கிறது.

1970இல் முதல் இசைத்தட்டு வந்தது. ஒரே நாளில் பதிவு செய்தது. விமர்சகர்கள் கிழித்தார்கள். அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை மட்டமாக எழுதியது. ரசிகர்கள் அதை மதிக்கவேயில்லை, வாங்கினார்கள். பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்தது. ஆகவே இந்தக் குழுவைப் பொறுத்தவரை ரசிகர் கருத்து என்பது ஏதோ ஓரத்தில் கிடக்கிற விஷயம் அல்ல. படித்தவர்கள் கைவிட்ட இடத்தில் இவர்களைத் தூக்கி நிறுத்தியதே அதுதான்.

சரி, 2017 படத்துக்கு வருவோம். ரசிகர்கள் சொல்வதில் ஒரு பகுதி எந்தக் கச்சேரிப் படத்துக்கும் சொல்வதுதான். ஆஸியின் குரல் சில இடங்களில் சுருதியை விட்டு விலகுகிறது என்பார்கள். விலகத்தான் செய்கிறது, 68 வயது. கேமரா ஓரிடத்தில் நிற்பதில்லை, அயோமியின் விரலைப் பார்க்கலாம் என்று கண்ணை வைத்தால் அதற்குள் காட்சி மாறிவிடுகிறது என்பார்கள். இந்தப் புகாரில் எனக்கும் பங்குண்டு. திரையரங்குக்கென்று ஒரு வடிவமும், முழுக் கச்சேரியாக ஒரு வடிவமும் வந்ததால் எதை வாங்குவது என்று ஒரு தனி விவாதம். பாராட்டும் நிறைய. கிதார் ஓசை இவ்வளவு தெளிவாக எந்தப் பதிவிலும் கேட்டதில்லை என்கிறார்கள். கடைசியில் ‘பாரனாய்ட்’ வாசிக்கும்போது அழுததாகச் சொல்லாதவர்கள் குறைவு.

ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டும். டிரம்ஸில்.

குழுவைத் தொடங்கிய நால்வரில் மூவர்தான் படத்தில் இருக்கிறார்கள். டிரம்ஸ் வாசித்த பில் வார்ட் இல்லை. அவர் இடத்தில் டாமி க்ளூஃபெடோஸ் என்ற அமெரிக்கர். மற்ற மூவரைவிட ஏறக்குறைய முப்பது வயது இளையவர்.

நடந்தது இதுதான். 2011 நவம்பரில் நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து, மீண்டும் இணைகிறோம் என்று அறிவித்தார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2012 பிப்ரவரியில் வார்ட் ஓர் அறிக்கை வெளியிட்டார். தனக்குக் கையெழுத்திடத்தக்க ஓர் ஒப்பந்தம் வேண்டும், அது வராமல் சேர முடியாது என்றார். அது வரவில்லை, அவரும் சேரவில்லை. பிறகு ஆஸி பேட்டிகளில் வேறொன்று சொன்னார். வார்டின் உடல் எடை, உடல்நிலை, அவரால் ஒரு முழுக் கச்சேரியைத் தாங்க முடியாது என்றெல்லாம். 2015இல் வார்ட் பகிரங்கக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். அதாவது, ஆஸி தன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கேட்டார்.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். வார்ட் பேசியது பங்கைப் பற்றி. அவருக்கு வந்த பதில் அவருடைய உடம்பைப் பற்றி. ‘என் பங்கு என்ன’ என்று ஒருவர் கேட்கிறார். ‘உனக்குத் தகுதி இருக்கிறதா’ என்று எதிர்க்கேள்வி வருகிறது. தகுதி, திறமை என்ற சொற்களைக் கேட்டால் நம் காது விறைப்பது பழக்க தோஷம். அந்தப் பழக்கம் இங்கே எனக்கு உதவியது. ஆஸ்டன் பையன்கள் நால்வருக்குள் நடந்ததும் நம் ஊரில் நடப்பதும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்று அல்ல. கேள்வியை மாற்றிப்போடும் அந்தக் கைவேலை மட்டும் எனக்குப் பழக்கமானது.

ரசிகர்களும் அதன்படியே இரண்டாகப் பிரிந்தார்கள். பில் இல்லாமல் சப்பாத் இல்லை என்பது ஒரு கட்சி. வயதானவர், மாரடைப்பு வந்தவர், அவரை இழுத்துக்கொண்டு 81 ஊர் போக முடியுமா, நல்ல டிரம்மர் கிடைத்தாரே என்று சந்தோஷப்படுங்கள் என்பது மறுகட்சி. இந்த இரண்டாம் கட்சி இரக்கத்தின் மொழியில் பேசும். அதனால் அதற்குப் பதில் சொல்வது கடினம்.

ஆனால் ரசிகர்களின் நினைவு பொல்லாதது. பழைய கணக்குகளை எடுத்து வைத்தார்கள். 1998இல் வார்டுக்கு மாரடைப்பு வந்தது உண்மை. அப்போது வின்னி அப்பிஸ் என்பவர் அவருக்குப் பதிலாக வாசித்தார். உடம்பு தேறியதும் வார்ட் திரும்பி வந்தார், 1999இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் வாசித்தார். மாற்று ஆள் என்றால் திரும்பி வரும்வரைக்குமான ஆள் என்றுதான் அப்போது பொருள். இன்னொன்று, 2012 தொடக்கத்தில் அயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். அவருடைய சிகிச்சைக்கு ஏற்றபடி பயணத் தேதிகளை அமைத்தார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவருடைய நோய்க்கு நாட்காட்டி வளைந்துகொடுக்கும் என்றால் இன்னொருவருக்கு ஏன் வளையவில்லை என்று ரசிகர்கள் கேட்டார்கள். எனக்கு இது நியாயமான கேள்வியாகப் படுகிறது. இதைக் கேட்டவர்களை ‘பழைய நினைவில் உருகுகிறவர்கள்’ என்று ஒதுக்கியது சரியல்ல.

நானே அப்படி ஒதுக்கியவன்தான், மறைக்க வேண்டியதில்லை. விடுதி அறையில் மடிக்கணினியில் முதலில் இந்தப் படத்தைப் பார்த்தபோது, அடி சுத்தமாக இருக்கிறது, தாளம் நகரவில்லை, யார் வாசித்தால் என்ன என்றேன். என் அறைத் தோழர் எதுவும் சொல்லாமல் 1974 கலிஃபோர்னியா ஜாம் விழாவில் இதே குழு வாசித்த பதிவைப் போட்டார். இரண்டிலும் ‘வார் பிக்ஸ்’ பாட்டு இருக்கிறது. வியட்நாம் போர்க் காலத்தில் எழுதிய போர் எதிர்ப்புப் பாட்டு. அதன் வரிகளுக்கு இடையே கிதார் இரண்டு அடி அடித்துவிட்டு நின்றுவிடும். ஆஸி பாடும்போது அடியில் ஹை-ஹாட் தட்டு மட்டும் ஓடும். குரலும் தட்டும் தவிர வேறொன்றும் இல்லாத அந்த இடத்தில் டிரம்மர் ஒளிந்துகொள்ள முடியாது. 2017இல் அது கடிகாரம் மாதிரி நேராக ஓடுகிறது, பலமாக, தப்பில்லாமல். 1974இல் வார்ட் அப்படி ஓட்டவில்லை. அவர் ஜீன் க்ரூப்பா போன்ற ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். தாளத்தைக் கொஞ்சம் ஊசலாட விடுவார், கிதாருக்குப் பதில் சொல்வார், பாடகரைக் கொஞ்சம் காக்க வைப்பார். கனத்த பாட்டு அங்கே நடக்காமல் ஆடும். அன்றுதான் எனக்குப் புரிந்தது. வார்டின் பங்கு என்று ரசிகர்கள் சொன்னது நன்றிக்கடன் அல்ல. அந்த இசைக்குள் அவர் போட்ட வேலை. அது எடுத்துக் காட்டக்கூடிய வேலை.

படத்தின் நடுவில் ‘ராட் சாலட்’ வருகிறது. 1970இன் ‘பாரனாய்ட்’ இசைத்தட்டில் வார்டின் டிரம்ஸுக்கென்றே இருந்த சிறிய வாத்தியத் துண்டு. 2017இல் அதைத் தொட்டுவிட்டு அங்கிருந்து க்ளூஃபெடோஸின் நீண்ட தனி ஆவர்த்தனம். மூத்தவர்கள் மூவரும் மூச்சு வாங்கப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தை ஓட்டிவிட்டுப் பார்ப்பதாகப் பல ரசிகர்கள் சொல்கிறார்கள். சிலர் அவரைக் கண்டபடி ஏசவும் செய்கிறார்கள்.

இதில் நான் பில் கட்சிக்காரர்களோடு சேர மாட்டேன். ஒப்பந்தம் எழுதியது க்ளூஃபெடோஸ் அல்ல. அவர் கூப்பிட்டார்கள், வந்தார், ஒவ்வொரு இரவும் உடம்பைப் போட்டு அடித்தார். அந்தப் பயணம் கடைசிவரை நடந்ததில் அவருடைய தோளுக்கும் பங்குண்டு. முதலாளியிடம் போக வேண்டிய கோபம் பக்கத்தில் நிற்கிற வேலைக்காரர் மேல் விழுவது ரசிகர்களிடமும் நடக்கிறது.

ஏசுகிறவர்களும் கவனிக்காத ஓர் ஆள் இந்தப் படத்தில் இருக்கிறார். ‘இருக்கிறார்’ என்று சொன்னால் எங்கே என்று தேடுவீர்கள். கீபோர்ட் ஓசை கேட்கும், வாசிப்பவர் மேடையின் நடுவில் நிற்க மாட்டார். ஆடம் வேக்மேன் மேடைக்கு வெளியே மறைவில் இருந்து வாசித்தார். இந்தக் குழுவில் அது புது வழக்கம் அல்ல. அவருக்கு முன்னால் ஜெஃப் நிக்கல்ஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையைப் பார்த்தார். அவரும் பர்மிங்காம்காரர். அதில் பெரும்பகுதி மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால். நாலு பேர் குழு என்ற தோற்றம் கலையக் கூடாது என்பதற்காக. 2017 ஜனவரி 28 அன்று நிக்கல்ஸ் இறந்துபோனார். கடைசிக் கச்சேரிக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு.

வார்டுக்காகக் குரல் கொடுத்த ரசிகர் கூட்டத்தில் நிக்கல்ஸ் பெயரைச் சொன்னவர்கள் சிலரே. வார்டின் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்ததால் அவர் இல்லாதது கண்ணில் பட்டது. நிக்கல்ஸுக்கு அந்தப் படச் சட்டத்துக்குள் இடமே இருந்ததில்லை, அதனால் இழப்பும் தெரியவில்லை. ‘நால்வர்’ என்று சொல்லிச் சண்டை போட்ட நேர்மையான ரசிகர்களும் அந்த எண்ணைத் தாண்டி எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை, இந்த உரைக்காகப் படிக்கும்போதுதான் கவனித்தேன்.

கதைக்கு இன்னொரு பகுதி உண்டு. 2025 ஜூலை 5 அன்று அதே ஆஸ்டனில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் ஆஸிக்கான விடைபெறும் விழா நடந்தது. வருமானம் அறக்கட்டளைகளுக்கு. பார்க்கின்சன் நோயால் ஆஸியால் நிற்க முடியாது, சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். டிரம்ஸில் பில் வார்ட். 77 வயது. நாலு பாட்டு வாசித்தார்கள். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, ஆஸி இறந்தார்.

அந்த விழாப் பதிவைப் பார்த்த ரசிகர்கள் சொன்னதையும் படித்தேன். வேகம் குறைவு, சில இடங்களில் நால்வரும் ஒன்றாக விழவில்லை என்று சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, 2017 படத்தைவிட இதுதான் சப்பாத் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். வார்டுக்கு இரண்டு மணி நேரம் தாங்காது என்றவர்கள், நாலு பாட்டுதானே என்று இப்போதும் சொல்லலாம். சொல்லவும் செய்கிறார்கள். ஆனால் 2012க்கும் 2025க்கும் இடையில் அவருக்குப் பதின்மூன்று வயது கூடியிருக்கிறது, குறையவில்லை. உட்கார்ந்து பாடும் பாடகருக்கு நாற்காலி போட முடிந்த மேடையில் நாலு பாட்டுக்கு மட்டும் வாசிக்கும் டிரம்மருக்கும் இடம் போட முடிந்தது. 2017இல், 81 இரவில் ஓர் இரவு, சொந்த ஊரில், அது ஏன் முடியவில்லை? 1997 டிசம்பரில் இதே அரங்கில், அப்போது அதற்கு வேறு பெயர், நால்வரும் சேர்ந்து வாசித்த கச்சேரிதான் ‘ரீயூனியன்’ இசைத்தட்டாக வந்தது.

சரி, நேரம் ஆகிவிட்டது, மைக் வைத்திருக்கும் தோழர் கை காட்டுகிறார். இப்போது ‘வார் பிக்ஸ்’ பாட்டை இரண்டு முறை போடப் போகிறோம். முதலில் 1974, அடுத்து 2017. கிதார் நிற்கும் இடத்தில் அந்தத் தட்டை மட்டும் கேளுங்கள். 2017 பதிவில் கீபோர்ட் கேட்கிற இடத்தையும் யாராவது கண்டுபிடித்தால் கை தூக்குங்கள். சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும், முன்வரிசைத் தோழர்கள் பின்னால் வந்து உட்காரலாம்.