நின்ற இடத்தில் நிற்கும் கோள்

கருங்கல் வட்டார விவசாயப் பெருமக்களே! 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் நம்ம வாழையையும் ரப்பரையும் சாய்ச்சுப் போட்டதை மறந்திருக்க மாட்டீங்க. அப்படிப்பட்ட புயலைக் கடலில் இருக்கும்போதே கண்காணிக்க, 2024 பிப்ரவரி 17-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோளை அனுப்பினார்கள்.

இந்த வகைக் கோள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்தில், அதே திசையில் இதுவும் ஒரு சுற்று. அதனால் நமக்கு நின்ற இடத்திலேயே நிற்கும். மாடியில் டி.வி. தட்டை ஒருதரம் திருப்பி வச்சா அப்படியே கிடக்குதே, அதுவும் இதே சங்கதிதான்.

இரவானாலும் மேகப்படம் வரும். ஆனா உங்க விளையில எவ்வளவு மழை பெய்யும்னு அதைப் பார்த்து அளந்து சொல்ல முடியாது. எச்சரிக்கை கேட்டதும் முற்றின குலையை வெட்டிடுங்க. மற்ற வாழைக்கு முட்டுக் கொடுங்க.